வயிற்றுக்குள் மணல்

வண்டி இப்போது சத்தம் போடுவதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் என் காது தானாக இருக்கைக்கு அடியில் போய்க் காத்திருக்கிறது. அங்கே ஒன்றும் நடப்பதில்லை. முன்பு முன்சக்கரம் இறங்கிய கணத்தில் ஒரு சரசரப்பு கிளம்பும். முறத்தில் கேழ்வரகை அள்ளிப் போட்டு ஒரு பக்கமாகச் சாய்த்ததுபோல அது முன்னாலிருந்து பின்னால் ஓடும். பின்சக்கரமும் இறங்கியபின் வந்த வழியே திரும்பும். கால் தரைக்கு எட்டாத வயதில் பின்னிருக்கையில் உட்கார்ந்து அந்த ஓட்டத்தை இடுப்பெலும்பால் கேட்டிருக்கிறேன். "வயித்துக்குள்ள மணலு கொட்டுது" என்பார் அப்பா. எரிச்சலும் பெருமையும் கலந்த குரல். வீட்டுப் பெரியவர்களின் இருமலைப் பற்றி வெளியாட்களிடம் சொல்லும்போது வருமே, அந்த மாதிரி. போன சித்திரையில் அந்த மணலை நான் எடுத்துவிட்டேன். செய்தது சரியான வேலை. எந்தப் பட்டறையில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஏழெட்டு மாதமாக, எதையோ எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனவனின் குடைச்சல் இருக்கிறது. சுத்தம் செய்தபின் வரவேண்டிய நிம்மதி வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கப்போனால் ஒவ்வொரு முறையும் வேறெங்காவது போய் முட்டிக்கொள்கிறேன்.

வண்டி ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நான்கு கதவு, 948 சிசி என்ஜின். சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் செய்தது. மூலவடிவம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. 1959இல் வந்தது, உடலை வரைந்தவர் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் சிறிய கார்கள் தனிச் சட்டத்தைக் கைவிட்டு, உடலே சட்டமாகவும் நிற்கும் முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஹெரால்டு பழைய முறைக்கே திரும்பியது. ஸ்டாண்டர்டு-டிரையம்ஃபுக்கு உடல்தகடு அடித்துத் தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லாமல் போகவே, வெவ்வேறு இடங்களில் அடித்த துண்டுகளைக் கொண்டுவந்து ஓர் இரும்புச் சட்டத்தின் மேல் போல்ட் போட்டு மாட்டும்படி வண்டியை வகுத்தார்கள். கூரையைக்கூடத் தனியாகக் கழற்றிவிடலாம். எங்கோ நடந்த வியாபாரப் பகையால் எங்கள் வீட்டு வண்டிக்கு முதுகெலும்பு கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டி வடிவத்தில் இரண்டு நீண்ட கம்பங்கள் நடுவயிற்றில் ஒன்றையொன்று நெருங்கி ஓடி, முன்னும் பின்னும் அகன்று பிரியும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீளும். எல்லாமே தகட்டை மடித்துப் பற்றவைத்து மூடியவை. வெளிப்பக்கம் கறுப்புச் சாயம் அடித்தார்கள். உள்பக்கத்துக்கு என்ன அடித்தார்கள் என்பதற்கு எங்கள் வண்டியில் எந்தத் தடயமும் இல்லை. சட்டத்தையோ உடலையோ சாயக்குளியலில் முக்கி, மின்சாரம் செலுத்தி, மூலைமுடுக்கெல்லாம் படியவைக்கும் முறை எல்லா ஆலைகளுக்கும் பரவுவதற்கு முந்தைய காலம். பற்றவைத்தவர் கடைசித் தையலைப் போட்டபோது ஒரு நீள இருட்டை உள்ளே வைத்து மூடியிருக்கிறார். கொஞ்சம் சென்னைக் காற்றையும்.

அந்த இருட்டுக்குள் நான் முதலில் பார்த்தது கைப்பேசியில்தான். ஒயர் முனையில் மிளகளவு கண்ணும் அதைச் சுற்றிச் சிறு விளக்குகளும் வைத்த கேமரா இப்போது எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. என்ஜினுக்குள் விட்டுப் பார்க்க வைத்திருப்பார்கள். மேஸ்திரி அதைச் சட்டத்தின் பின்முனை ஓட்டை வழியாக விட்டார். திரையில் ஒரு குகை. செம்பழுப்புச் செதில்கள் கூரையிலிருந்து இலை இலையாகத் தொங்கின. தரையில் ஆற்றுப்படுகைபோல ஒரு மேடு, அதன் நடுவே நீர் ஓடிக் காய்ந்த தடம். பத்தடி தூரம்கூட இல்லாத அந்தக் குழாய்க்குள் கேமரா போய்க்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் குளவிக்கூடு ஒன்று; காலியாகி எத்தனை வருஷமோ, விரல்பதித்த மண்ணின் வரிகள் அப்படியே. சிலந்தி உரித்துப்போட்ட சட்டை ஒன்று விளக்கின் சூட்டில் ஆடியது. மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். "வெளிய பாக்க ராஜா மாதிரி இருக்குது சார். ஆனா இத்த நோண்டாதீங்க. துருதான் இப்ப தாங்கிக்கினு நிக்குது. அத்த எடுத்தீங்கன்னா அது எதப் புடிச்சிக்கினு நிக்கும்?" பழைய வண்டிக்காரர்கள் மத்தியில் உலவும் வேடிக்கைதான் இது. அவர் வேடிக்கையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. துரு எதையும் தாங்காது என்று எனக்குத் தெரியும். இரும்பாக இருந்த இடத்தைவிடத் துருவாக அது இரண்டிலிருந்து ஆறு மடங்குவரை அதிக இடம் கேட்கும். பக்கத்துத் தகடுகளை நெம்பிப் பிரிக்கும். உதிர்ந்து அடியில் விழுந்து, தண்ணீர் வடிவதற்கென்று விட்ட துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அடைத்தபின் ஈரம் வெளியேற வழியில்லை. அதன்மேல் விழுந்த மண் ஈரத்தை உறிஞ்சி, காய்ச்சல்காரன் நெற்றியில் போட்ட துணிபோல இரும்போடு ஒட்டவைத்திருக்கும். மழை நின்று பத்து நாள் ஆனபிறகும் சட்டத்துக்குள் மழைக்காலம் நடந்துகொண்டிருக்கும். இதெல்லாம் தெரிந்தும் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வேலை ஒன்பது நாள் நடந்தது. உடலைச் சட்டத்திலிருந்து தூக்கிவிட்டோம். ஹெரால்டில் அது பெரிய காரியமில்லை. சட்டத்தை இரண்டு மரக்குதிரைகள்மேல் முன்பக்கம் உயர்த்தி வைத்து, பின்முனையில் சாக்கை விரித்து, மரச்சுத்தியால் மேஸ்திரி தட்டத் தொடங்கினார். நடுவிலிருந்து பின்னோக்கி, ஒரு சாணுக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே ஒரு சரிவு. முதல்நாள் முழுக்கத் தட்டலும் சரிவும்தான். மறுநாள் பழைய கிளட்ச் கேபிளின் முனையைப் பிரித்துத் துடைப்பம்போல விரித்து, மறுமுனையை டிரில்லிங் மெஷினில் மாட்டி உள்ளே சுழலவிட்டார். பல் கூசும் சத்தம். பிறகு நீளமான செப்புக் குழாயின் நுனியை நசுக்கிப் பக்கவாட்டில் துளைபோட்டு, கம்ப்ரஸர் காற்றை அதன் வழியே விட்டோம். சட்டத்தின் பின்வாயிலிருந்து சிவப்பாக ஒரு மூச்சு வந்தது. வெயிலில் அது கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் எங்கள் தலைமேல், டீ கிளாஸ்மேல், பக்கத்தில் நின்ற யாருடையதோ வெள்ளை மாருதிமேல் இறங்கியது. நாக்கில் காசை வைத்தாற்போல ஒரு சுவை. தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டால் சீக்கிரம் முடியுமே என்றேன். "தண்ணிய உள்ள வுட்டுத்தானே சார் இந்தக் கதி" என்று மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் பாதி சரி. கடலோரத்தில் இருபது வருஷம் நின்ற வண்டியில் உப்பு இருக்கும், அது காற்றுக்குப் போகாது, கரைந்துதான் போகும். கடைசியில் நல்ல தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசி, கத்திரி வெயிலில் நான்கு நாள் காயவைத்து, இரவில் ப்ளோயர் வைத்து உலர்த்தினோம். சட்டத்தைத் தொட்டால் கை சுடும். உள்ளே கேமராவை விட்டால் முதன்முதலாகச் சாம்பல்நிற இரும்பு தெரிந்தது, அம்மைத் தழும்பு முகத்தோடு.

சாக்கில் சேர்ந்ததைப் பழைய பேப்பர்க்காரரின் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 2 கிலோ 300 கிராம். ஏன் நிறுத்தேன் என்று இப்போது யோசித்தால் காரணம் தெரியவில்லை. கல்லடைப்பு எடுத்த பிறகு கல்லைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறவர்களின் மனநிலையாக இருக்கலாம். மேஸ்திரி அதைக் குப்பையில் கொட்டச் சொன்னார். "அழுக்கு" என்றார். அந்தச் சொல்லில்தான் எனக்கு முதல் இடறல். சாக்கில் இருந்தது இரண்டு வேறு வகை. ஒன்று வெளியிலிருந்து வந்த மண். இன்னொன்று எங்கிருந்தும் வரவில்லை, அது சட்டமேதான். இரும்பைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும் முன் அது எப்படி இருந்ததோ அந்த நிலைக்குப் பக்கத்தில் திரும்பிப் போய்விட்ட சட்டம். வீட்டுத் தரையைப் பெருக்குகிறோம், வெளியே இருந்து வந்ததை வெளியே அனுப்புகிறோம், அது நியாயம். தரையே பொடியாகி அதையும் சேர்த்துப் பெருக்கினால் அதற்கு என்ன பெயர்? ஈழத்தில் துருவைக் கறள் என்கிறார்கள். கேட்கும்போதே கறை என்ற சொல் கூடவே வந்து நிற்கிறது, மேலே படிந்த ஒன்றைப்போல. நம் பக்கத்துத் துரு என்ற சொல்லை உச்சரிக்கும்போது எனக்குத் தேங்காய் துருவுவது நினைவுக்கு வருகிறது, உள்ளிருந்து உள்ளதையே சுரண்டுவது. சொற்பிறப்பு என்னவோ, என் காதுக்கு இப்படி. பேனாவை எடுத்து ஒரு கணக்கும் போட்டேன். மூட்டையில் பாதி துரு என்று வைத்தால், நீரேறிய துருவின் எடையில் ஏறக்குறைய 63 சதவீதம் இரும்பு. ஆக முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இரும்பு போயிருக்கிறது. மிச்சம்? நீரும் காற்றும். இரும்பு துருவாகும்போது எடை கூடுகிறது, குறைவதில்லை; வளியிலிருந்து பிடித்த ஆக்சிஜன் அதில் உட்கார்ந்துவிடுகிறது. அப்பா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிய வருஷங்களின் காற்றில் ஒரு சிறு பங்கு அந்தச் சாக்கில் திடப்பொருளாகக் கிடந்தது. இது ரசாயனம், கவிதையில்லை. இருந்தாலும் சாக்கைக் குப்பைத்தொட்டிவரை தூக்கிப்போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம்.

சரி, பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். மண்ணை மண்ணாக, துருவைத் துருவாக. கண்ணால் முடியவில்லை. காரணம் எங்கள் ஊர். அப்பாவுக்கு உடன்குடிப் பக்கம். அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் குதிரைமொழித் தேரி. கடற்கரைக்குப் பக்கத்தில் மைல்கணக்கில் செம்மணல் மேடு, பனையும் முந்திரியும் கொல்லாமரமென்ற பெயரில் அதே முந்திரியும். சின்ன வயதில் இரண்டையும் வேறு வேறு மரமென்று நம்பியிருந்தேன். கோடையில் காற்று எழும்பினால் தேரி இடம்பெயரும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அப்பா வண்டியைப் பாதையை விட்டு இறக்கிவிடுவார், மணலில் பின்சக்கரம் சுற்றும், நாங்கள் இறங்கித் தள்ளுவோம். அடிவயிறு மணலில் உரசும். அந்த மணல் சிவப்பாக இருப்பது ஏன்? ஒவ்வொரு மணியும் வெறும் படிகக்கல்தான். அதன்மேல் தோல்போலப் படிந்திருப்பது இரும்பின் ஆக்சைடு. அதாவது துரு. உள்ளே நுழைந்த அழுக்கும் உள்ளேயே விளைந்த துருவும் ஒரே குடும்பம். நிறம் உதவாது. காந்தம் வைத்துப் பார்க்கலாமே? சட்டத்துக்குள் காற்று குறைவாகப் போகும் இடத்தில் விளையும் துரு கறுப்பாக இருக்கும், அதைக் காந்தம் இழுக்கும். காற்றோட்டத்தில் விளைந்த செந்துரு பெரும்பாலும் அசையாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி மூட்டைமேல் ஓட்டினேன். கறுப்புச் செதில்கள் தாவி வந்து மயிர்க்கூச்செறிந்து நின்றன. ஒரு கணம் சந்தோஷம். அப்புறம் ஞாபகம் வந்தது: எங்கள் கடற்கரையில் நாங்கள் விளையாடியதே இந்த விளையாட்டுத்தான். நூலில் காந்தத்தைக் கட்டி மணலில் இழுத்துப்போவோம், கறுப்பாக மீசை முளைக்கும், யாருக்கு மீசை பெரியது என்று போட்டி. அந்தக் கடற்கரை மணலிலேயே காந்தத்துக்கு ஒட்டும் கருமணல் உண்டு. ஆக, காந்தத்தில் ஒட்டியதும் ஊரா வண்டியா தெரியாது. ஒட்டாததும் தெரியாது. காகிதத்தை உதறி எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாகப் போட்டேன்.

காந்தத்துக்கு ஒட்டாமல், மண்ணாகவும் இல்லாமல், பதினேழு புளியங்கொட்டைகள் இருந்தன. தட்டிய முதல்நாளே சாக்கில் உருண்டு விழுந்திருக்கின்றன. எலி கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்றார் மேஸ்திரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். வழவழப்பு போய்ச் சொரசொரப்பாக, துரு ஏறிய ஆணித்தலை மாதிரி இருந்தன. அன்று இரவு அக்காவிடம் போனில் பேசும்போது ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரிப்பு. "ஏல, அது நீ போட்டதுல்லா. ஆச்சி வீட்ல புளி குத்துனப்ப. உண்டியல்ல போடுத மாதிரி ஒண்ணொண்ணா போட்டுட்டு காத வச்சி வச்சிக் கேட்ட." எனக்கு அது துளிகூட நினைவில்லை. மாசி வெயில், திண்ணையில் ஆச்சியும் இன்னும் நான்கு பெண்களும் புளி குத்திக் கொட்டை எடுப்பது, புளிப்பு ஏறிய காற்று, வேம்புக்கு அடியில் வண்டி நின்றது, எல்லாம் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து ஓட்டையில் கொட்டை போட்ட ஆறு வயதுப் பையன் மட்டும் படத்தில் இல்லை. "அப்பாகிட்ட நீ சொன்னியா?" என்றேன். "சொன்னா உனக்குல்ல அடி விழும். அவுக பாவம், சத்தம் வருது சத்தம் வருதுன்னு ரெண்டு தடவ சைலன்சர மாத்துனாக." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து, "அதுக்கு இப்ப என்னல?" என்றாள்.

அதற்கு இப்போது ஒன்றுமில்லை. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் குடைச்சல் எங்கே இருக்கிறது என்று கை வைத்துக் காட்டச் சொன்னால் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். வயிற்றுக்குள் கொட்டிய மணல் எது? தேரி மணலா, உதிர்ந்த செதிலா, நான் போட்ட கொட்டையா? எந்த வருஷத்தில் எது? முதலில் கொட்டைச் சத்தமாக இருந்து, பின்னால் செதில் சேர்ந்து, கடைசியில் கொட்டைகள் மண்ணில் புதைந்து வெறும் துருச் சத்தமாக மாறியிருக்கலாம். நான் எலும்பால் கேட்டதாகச் சொன்னேனே, அது என் கைவேலையையே கேட்டதா? அப்பா கூடவே வாழ்ந்த சத்தத்துக்கு ஒரு வரலாறு இருந்திருக்கிறது; அது அந்தக் குழாய்க்குள் அடுக்கடுக்காகப் படிந்து இருந்தது. கொட்டைகள் மண்மேட்டின் அடியில் இருந்தனவா, நடுவில் இருந்தனவா, மேலாகக் கிடந்தனவா என்று மட்டும் பார்த்திருந்தால் போதும். கேமரா கையில் இருந்தது. நான் குளவிக்கூட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சட்டத்தைச் சாய்த்து, சுத்தியால் தட்டி, எழுபதுகளையும் தொண்ணூறுகளையும் ஒரே சாக்கில் சரித்தோம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணிக்குத் தென்கரையில் ஆதிச்சநல்லூர், பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்த இடம். அந்த வழியாகத்தான் வண்டி ஊருக்குப் போகும். "கீழ பூரா தாழிடே" என்று அப்பா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துப் பரம்பைக் காட்டுவார். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். அதற்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில், அலெக்சாண்டர் ரியா பெரிதாகத் தோண்டினார். கிடைத்தவற்றில் நிறைய இரும்பு: வாள், ஈட்டிமுனை, மண்வெட்டி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அவற்றில் பலவற்றைக் கண்ணாடிக்குள் பார்க்கலாம். வேலை முடிந்த மாதம் அங்கே போய் வெகுநேரம் நின்றேன். முன்பும் பார்த்தவைதான், அப்போது வாளைப் பார்த்திருந்தேன், இப்போது துருவைப் பார்த்தேன். அவ்வளவு பழைய இரும்பைப் பேணுகிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு: வாளின் உண்மையான மேற்பரப்பு துருவுக்கு அடியில் மிச்சமிருக்கும் உலோகத்தில் இருக்காது, துருவின் அடுக்குகளுக்கு நடுவே எங்கோ இருக்கும். பளபளக்கும்வரை சுரண்டினால் கையில் மிஞ்சுவது வாளின் வடிவத்தை இழந்த ஒரு கம்பி. சில துண்டுகளில் உலோகமே கிடையாது, முழுக்கத் துரு. ஆனாலும் அது ஈட்டிமுனைதான், ஈட்டிமுனை என்றுதான் அட்டையில் எழுதியிருக்கிறார்கள். மேஸ்திரி சொன்னது அங்கே உண்மையாக இருந்தது. துருதான் தாங்கிக்கொண்டு நிற்கிறது. நிற்பது மட்டும்தான் அதன் வேலை என்பதால் தாங்குகிறது. அதன்மேல் நான்குபேர் உட்கார்ந்து திருச்செந்தூர் போகவேண்டியதில்லை. என் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டு கண்ணாடி முன்னாலிருந்து நகர்ந்தேன். நகர்ந்தேனே ஒழிய, ஓடுகிற பொருளுக்கு ஒரு நீதி, ஓடாத பொருளுக்கு ஒரு நீதி என்பது எவ்வளவு தூரம் செல்லும் என்று இன்னமும் உறுதியில்லை. இருபது வருஷம் ஓடாமல் கொட்டகையில் நின்றதே, அப்போது அது எதுவாக இருந்தது?

தட்டும்போது சில இடங்களில் சுத்தி உள்ளே போய்விட்டது. பின்பக்கக் கைகளில் இரண்டு, இடதுகம்பத்தின் அடியில் ஓர் உள்ளங்கை அகலம். வெளியே கறுப்புச் சாயம் வழுவழுப்பாக இருந்த இடங்கள் அவை. அப்பளம் உடைவது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த ஓட்டை வழியாக வெயில் சட்டத்துக்குள் விழுந்து எதிர்ச்சுவரில் ஒரு காசளவு வெளிச்சமாக நின்றதைக் கேமராவில் பார்த்தேன். உளுத்ததை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தார் மேஸ்திரி. அவர் கைத்தையல் ஆலைத்தையலைவிட நேர்த்தி, இதை அவரிடம் சொல்லவில்லை, கூலி ஏற்றிவிடுவார். மிச்சமிருந்த துருவுக்குக் கடையில் விற்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் வாங்கினோம். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றிக் கட்டிப்போடும். கையால் உதிர்க்க முடிந்த செதிலெல்லாம் போனபின், ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய படலத்துக்கு மட்டும் வேலை செய்யும். நான் இடையில் ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணினேன். வெட்டியெடுத்த தகட்டுத் துண்டு ஒன்றில் கடுக்காய்க் கஷாயத்தைத் தடவிப்பார்த்தேன். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும்; பழைய மசி அப்படித்தான் செய்தார்கள், கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்த நீரும் கடுக்காயும் சந்திக்கும் இடம்தான். சிவப்புத் தகடு என் கண்ணெதிரே நீலம்பாய்ந்த கறுப்பாக மாறியது. மேஸ்திரி வந்து மோந்து பார்த்தார். "வயித்துப்போக்குக்கு நல்லதுதான்" என்றார். எனக்கு வேறொன்று தோன்றிக்கொண்டிருந்தது. அலசிய பிறகு கேமராவில் பார்த்தபோது ஓரிடத்தில் மட்டும் இரும்பு புள்ளிபுள்ளியாகக் கறுத்திருந்தது. புளியங்கொட்டையின் தோலும் துவர்ப்புத்தான். கொட்டைகள் ஈரத்தில் கிடந்த இடமா அது? அப்படியானால் அந்தக் கறுப்பு எழுத்து ஒன்றுதான் எனக்கு மிஞ்சிய சாட்சி. அதன்மேல்தான் அமிலம் தெளித்தோம். பிறகு அங்கே எல்லாம் ஒரே சாம்பல்.

கடைசி வேலை மெழுகு. உள்புறத்துக்கென்று விற்கும் பாதுகாப்பு மெழுகைச் சூடாக்கி இளக்கி, அதே செப்புக்குழாய் வழியாக மூடுபனிபோல அடித்தோம். முன்காலத்தில் வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் கழிவு ஆயிலை அடியில் அடித்துவிடுவார்கள். அந்த நாற்றம்தான் எனக்கு மழைக்கால முதல்வாரத்தின் நாற்றம். அது சும்மா இல்லை என்று இப்போது படுகிறது. அப்பா வருஷாவருஷம் செய்தார், வெளிப்பக்கம் மட்டும். உள்ளே ஒரு உள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சத்தத்தை நாள்தோறும் கேட்டவர். தெரிந்தும் திறக்காமல் விட்டதில் அலட்சியம் எவ்வளவு, பணமின்மை எவ்வளவு, அந்தச் சத்தத்தின்மேல் பழக்கம் எவ்வளவு என்று பிரிக்கப்போனால் மறுபடி காந்தத்தைக் கையில் எடுத்தவனாவேன். மெழுகு அடித்ததும் துளைகளுக்கெல்லாம் ரப்பர் மூடி போட்டோம், அடியில் வடிகால்களை மட்டும் விட்டு. உடலைத் தூக்கி வைத்துப் போல்ட் முறுக்கினோம். முதல் வாரம் வெயில் ஏறினால் வடிகாலிலிருந்து தேன்நிறத்தில் ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. தரையில் அட்டை விரித்து வைத்தேன். பிறகு அதுவும் நின்றது.

மூட்டையைக் குப்பையில் போடவில்லை. ஒரு பழைய பிஸ்கட் தகரடப்பாவில், கொட்டைகளையும் சேர்த்து, இறுக்கி மூடிப் பரணில் வைத்திருந்தேன். பொங்கலுக்குப் பரண் இறக்கும்போது அதைத் தூக்கினால் அடித்தகடு கையோடு வரவில்லை. பொடியில் கடலோரத்து உப்பு இருந்திருக்கிறது, எங்கள் வீட்டுப் பரணில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டப்பா உள்ளிருந்து துருவேறி, கீழ்விளிம்பு சுற்றிலும் அரித்து, அடிப்பாகம் சிமெண்டிலேயே ஒட்டிக்கொண்டு, மேலே தூக்கியவுடன் எல்லாம் கொட்டிவிட்டது. கொட்டைகள் மட்டும் உருண்டு ஓடின, பதினாறு கிடைத்தன. மீதியைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினேன். பரண் சிமெண்டில் சிவப்பாக ஒரு வட்டம். அதில் டப்பா எவ்வளவு, சட்டம் எவ்வளவு, தேரி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே புளியைக் கரைத்து ஊற்றித் தேங்காய்நாரால் தேய்த்தேன். "பித்தளக் கொடத்துக்குத்தான் புளி போடுவாங்க" என்று கீழேயிருந்து என் மனைவி சொன்னாள். கொஞ்சம் வெளிறியது. மறுநாள் காய்ந்த பிறகு ஏணிபோட்டு ஏறிப் பார்த்தேன். வட்டம் அங்கேயே இருந்தது, நடுவில் மட்டும் லேசாகக் கறுத்து.